கண் மஞ்சளை மட்டும் நம்பாதீர்கள்: சிக்கிள் செல் குழந்தைகளுக்கு வரும் ஹெபடைடிஸ் சி – முழுமையான வழிகாட்டி

"இவனுக்கு எப்பவுமே கண்ணு மஞ்சள்தான் சிஸ்டர்."

ரத்தம் ஏற்ற வரும் சிக்கிள் செல் குழந்தைகளின் அம்மாக்களிடம் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். சொல்லிக்கொண்டே பையனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிமையை விரலால் இழுத்துக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. சிக்கிள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சீக்கிரம் உடைந்துபோகும் பரம்பரை ரத்த நோய். நமக்கெல்லாம் ஒரு சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு அது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகிறது. உடைந்த அணுவிலிருந்து வரும் பிலிருபின்தான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. வலியோ காய்ச்சலோ இல்லாத நாளிலும் அந்த மஞ்சள் இருக்கும்.

எனக்குப் பயம் அந்த மஞ்சளைப் பார்த்து அல்ல, அது பழகிப்போவதைப் பார்த்துத்தான். ஹெபடைடிஸ் சி வைரஸ் கல்லீரலுக்குள் வந்து உட்கார்ந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கொஞ்சம் தெரிந்தாலும், "எப்பவும் உள்ளதுதானே" என்று விட்டுவிடுவோம். ஆகவே இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெயர் சொல்லிக் கேட்டுப் பரிசோதனை செய்தால்தான் உண்டு. கண்டுபிடித்துவிட்டாலோ, இன்றைக்குப் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே தீர்ந்துவிடுகிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

யாருக்கு இது

இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நம் நீலகிரி மலையில். இன்றும் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், குறும்பர் குடும்பங்களிலும், மலைக்கு அந்தப் புறம் வயநாடு, அட்டப்பாடியிலும் இதைப் பார்க்கலாம். விதர்பா, சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசம், குஜராத்தின் பழங்குடிப் பகுதிகளில் எண்ணிக்கை இன்னும் அதிகம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில் பரிசோதனை செய்துகொண்டு, கையில் அட்டையோடு இருக்கும் குடும்பங்கள் பல.

அந்த அட்டையை முதலில் சரியாகப் பாருங்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மரபணு வந்திருந்தால் குழந்தை வெறும் கடத்தி. அதற்காக ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. இரண்டு பக்கமிருந்தும் வந்திருந்தால்தான் நோய். இந்த வழிகாட்டி நோய் உள்ள குழந்தைகளுக்கு, அதிலும் ஒரு முறையாவது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு.

முதல் படி: வைரஸ் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹெபடைடிஸ் சி ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் பரவும். சிக்கிள் செல் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய சந்தர்ப்பங்கள் பல. மண்ணீரல் திடீரென்று வீங்கி ரத்தத்தை உள்ளே தேக்கிக்கொள்ளும்போது, ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சலில் எலும்பு மஜ்ஜை சில நாள் வேலைநிறுத்தம் செய்யும்போது, நெஞ்சில் சளி போல வரும் கடும் நெருக்கடியில், பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னால் என்று பட்டியல் நீளும். பக்கவாதம் வந்த குழந்தைக்கு 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, வருடக்கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பையும் ஒவ்வொருவர் கொடுத்த ரத்தம் என்பதால், பைகள் கூடக்கூட ஆபத்தும் சிறிது சிறிதாகக் கூடுகிறது.

இந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989-ல்தான். இந்திய ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2001-ல். அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்ட சிக்கிள் செல்காரர்கள் இன்று 25 வயதைத் தாண்டியவர்கள். குழந்தைக்காக இதைப் படிக்கிற நீங்கள், வீட்டில் அப்படி ஒரு மாமாவோ சித்தியோ இருந்தால் அவர்களையும் ஒரு முறை பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

இப்போது ஒவ்வொரு பையையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது. வழக்கமான எலிசா பரிசோதனை தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியை. தொற்று வந்து ஆன்டிபாடி தெரிய சுமார் இரண்டு மாதம் ஆகலாம். அந்த நாட்களில் ஒருவர் ரத்தம் கொடுத்தால் எலிசா கண்ணில் படாது. 'நாட்' என்று சொல்லும் பரிசோதனை வைரஸின் மரபுப்பொருளையே தேடுவதால் இந்த இடுக்கைச் சில நாட்களாகக் குறைத்துவிடும். நாட்டில் எல்லா ரத்த வங்கியிலும் அது இல்லை. "நாட் பார்த்த ரத்தம் கிடைக்குமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. கிடைக்கவில்லை என்பதற்காக அவசர நேரத்தில் ரத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த நேரத்தில் ரத்தம் இல்லாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

ரத்தம் தவிர, ஒரே ஊசியை இருவருக்குப் போடுவது, சுத்தம் செய்யாத கருவியால் பல் பிடுங்குவது, பச்சை குத்துவது, காது குத்துவது ஆகியவையும் வழிதான். சந்தைக்கடைப் பக்கம் "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று உட்கார்ந்திருப்பவரிடம் சிக்கிள் செல் குழந்தையைக் கொண்டுபோகவே வேண்டாம். தாய்க்குத் தொற்று இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்கு வர சுமார் 5 சதவீத வாய்ப்பு உண்டு.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ வராது. பள்ளியில் தனி பெஞ்ச் போட்டால் சண்டை போடுங்கள். நகவெட்டி, பிரஷ், ரேசர் மட்டும் தனியாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: ரத்தம் ஏற்றும் முன்பே ஒரு நோட்டு போடுங்கள்

40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் தேதி, மருத்துவமனை, எத்தனை பை, பையின் மேல் ஒட்டியிருக்கும் எண், ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு, ஏற்றிய பிறகு நடுக்கமோ அரிப்போ வந்ததா என்று எழுதுங்கள். பை எண்ணை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் பின்னால் தொற்று தெரிந்தால், எந்தக் கொடையாளர் வழியாக வந்தது என்று ரத்த வங்கி தேடிப் போக அந்த எண் ஒன்றுதான் வழி. அதே ரத்தத்தின் பிளாஸ்மா இன்னொரு குழந்தைக்குப் போயிருக்கலாம்.

நோட்டின் முதல் பக்கத்தில், முதல் ரத்தப் பைக்கு முன்னால் எடுத்த முடிவுகள் இருக்க வேண்டும்: ஹெபடைடிஸ் பி-க்கான எச்பிஎஸ்ஏஜி, ஹெபடைடிஸ் சி-க்கான ஆன்டி எச்சிவி, எச்ஐவி, கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் எல்எஃப்டி, ரத்தப் பிரிவோடு துணைப் பிரிவுகள். ஏற்கெனவே பல முறை ஏற்றியாகிவிட்டதா? பரவாயில்லை, இன்றைய தேதியில் எடுத்து அதையே தொடக்கமாக வையுங்கள்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. பி-க்கு இருக்கிறது. பிறந்தவுடன் ஒன்று, பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட்டோடு சேர்த்து. மலைக் கிராமங்களில் ஒன்றிரண்டு விடுபட்டிருப்பது சகஜம் என்பதால் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியையும் டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே பாரம் சுமக்கும் கல்லீரலுக்கு இன்னொரு வைரஸ் வேண்டாம்.

தடுப்பில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று, சிக்கிள் செல்லுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து. அதை ஒழுங்காகச் சாப்பிடும் குழந்தைக்குத் திடீரென்று கடும் வலியோடு வரும் நெருக்கடிகள் குறையும், ரத்தம் ஏற்றும் தேவையும் குறையும். ஏற்றாத பையில் எந்த வைரஸும் வர முடியாது.

மூன்றாம் படி: எப்போது, எந்தப் பரிசோதனை

அவ்வப்போது ரத்தம் ஏற்றும் குழந்தைக்கு வருடத்துக்கு ஒரு முறை ஆன்டி எச்சிவி. மாதாமாதம் ஏற்றும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைச் செய்து, நடுவில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் அளவைப் பார்த்துவந்தால் நல்லது.

ஆன்டி எச்சிவி 'ரியாக்டிவ்' என்று வந்தால் உடனே தலையில் கை வைக்காதீர்கள். வைரஸ் எப்போதோ உள்ளே வந்துபோனதற்கான சுவடு அது, அவ்வளவுதான். 15 முதல் 45 சதவீதம் பேருக்கு, முதல் ஆறு மாதத்துக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடுகிறது. இன்னும் இருக்கிறதா என்று சொல்வது எச்சிவி ஆர்என்ஏ பரிசோதனை. வைரல் லோடு என்றும் சொல்வார்கள். தொற்று வந்த ஒன்றிரண்டு வாரத்திலேயே அது காட்டிவிடும். எனவே சந்தேகம் புதிதாக இருந்தால் ஆன்டிபாடிக்காகக் காத்திருக்காமல் நேரடியாக ஆர்என்ஏ எடுக்கச் சொல்லலாம். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி குழந்தை உடம்பில் நீண்ட நாள் சுற்றும் என்பதால், ஒன்றரை வயதுக்கு முன் ஆன்டி எச்சிவி முடிவை நம்ப முடியாது.

நான்காம் படி: எல்எஃப்டி தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். அனுபவமுள்ள டாக்டர்கள்கூட அவசரத்தில் தடுமாறும் இடம் இது. உதாரணத்துக்கு ஒரு தாளை வைத்துக்கொள்வோம்.

மொத்த பிலிருபின் 3.4. டைரக்ட் 0.5. எஸ்ஜிஓடி 68. எஸ்ஜிபிடி 24.

சாதாரணக் குழந்தைக்கு இந்தத் தாள் வந்தால் மஞ்சள் காமாலை என்று படுக்க வைத்துவிடுவார்கள். சிக்கிள் செல் குழந்தைக்கு இது ஒரு சாதாரண நாள். மொத்தத்தில் டைரக்ட் போக மீதி 2.9, இன்டைரக்ட். அதாவது அணு உடைவதால் வந்தது. எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டும் இல்லை, சிவப்பணுவிலும் இருக்கிறது. அணு உடைந்தால் அதுவும் ஏறும். எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலுக்கே சொந்தமானது. அது 24-ல் இருக்கிறது என்றால் கல்லீரல் அமைதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது இன்னொரு தாள். மொத்த பிலிருபின் 3.6, டைரக்ட் 0.6, எஸ்ஜிஓடி 104, எஸ்ஜிபிடி 92. கண் பார்க்க அதே மஞ்சள்தான். அம்மாவும் "எப்பவும் போலத்தான்" என்பார். பிலிருபினும் கிட்டத்தட்ட அதேதான். எஸ்ஜிஓடியும் கூடியிருக்கிறது, ஆனால் கவனிக்க வேண்டிய மாற்றம் எஸ்ஜிபிடிதான். இரண்டு மாதம் கழித்து எடுத்தும் அது 88-ல் நின்றால், ஹெபடைடிஸ் சி-யைத் தேடாமல் விடக் கூடாது. எஸ்ஜிபிடி இயல்பாக இருக்கும்போதே வைரஸ் உள்ளே இருப்பதும் உண்டு, அதனால்தான் வருடாந்திரப் பரிசோதனை.

எஸ்ஜிபிடி ஏறினால் எல்லாமே வைரஸும் அல்ல. இரும்புச் சத்தை வெளியேற்றக் கொடுக்கும் டிஃபெராசிராக்ஸ் மாத்திரையே அதை ஏற்றலாம். டைரக்ட் பிலிருபின் ஏறி, வலது விலாவுக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லை நினையுங்கள். அணுக்கள் உடைந்துகொண்டே இருப்பதால் இந்தக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கல் வரும். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். கல்லீரல் திடீரென்று வீங்கி ஹீமோகுளோபின் இறங்கினாலோ, பிலிருபின் இரண்டு இலக்கத்துக்குப் பாய்ந்தாலோ அது சிக்கிள் செல்லே கல்லீரலைத் தாக்கும் நெருக்கடியாக இருக்கலாம். அப்போது வீட்டில் இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி.

கீழாநெல்லி பற்றிக் கேட்பீர்கள், தெரியும். 1988-ல் சென்னையிலிருந்து ஹெபடைடிஸ் பி-க்கு அது பலன் தருவதாக ஒரு ஆய்வு லான்செட் இதழில் வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் பி-க்கு, சி-க்கு அல்ல. கீழாநெல்லியைவிட எனக்குக் கோபம் வருவது அதோடு சேர்த்துச் சொல்லும் பத்தியத்தின் மீதுதான். உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல், பால் சோறு மட்டும் என்று பத்து நாள் போட்டால் சிக்கிள் செல் குழந்தை வாடிப்போகும். தண்ணீர் குறைந்தால் வலி நெருக்கடியும் வரும். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே கொடுங்கள், தண்ணீரை மட்டும் கூடுதலாக.

ஐந்தாம் படி: கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது

ஆர்என்ஏ பாசிட்டிவ் என்றால் அடுத்த கேள்வி, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பது. குழந்தைகளில் இந்த வைரஸ் மெதுவாகத்தான் வேலை செய்யும். குழந்தைப் பருவத்திலேயே சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பாகிப்போவது, அபூர்வம். ஆனால் நம் குழந்தைகளுக்கு இன்னொரு பாரம் இருக்கிறது: இரும்பு. ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்புக்கு அதை வெளியே தள்ள வழி தெரியாது, கல்லீரலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வைரஸும் இரும்பும் ஒன்றாகச் சேர்ந்தால் தழும்பு வேகமாக விழும். ஆகவே உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பாருங்கள். 1000-ஐத் தாண்டி நின்றால் இரும்பை வெளியேற்றும் சிகிச்சை பற்றிப் பேசுங்கள். வலியோ காய்ச்சலோ இருக்கும் நாளில் ஃபெரிட்டின் தானாகவே ஏறிக் காட்டும், அந்த நாளில் எடுக்க வேண்டாம்.

பள்ளியில் வாரம் ஒரு முறை ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுப்பார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறம், பெரியவர்களுக்கு நீலம். அடிக்கடி ரத்தம் ஏற்றும் குழந்தைக்கு அது வேண்டாம் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். தனி ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு, அது தொடரட்டும்.

தழும்பை அளக்க எஸ்ஜிஓடியையும் பிளேட்லெட்டையும் வைத்து 'ஏப்ரி' என்று ஒரு கணக்குப் போடுவார்கள். பெரியவர்களுக்கு அது வசதியான கணக்கு. சிக்கிள் செல்லில் எஸ்ஜிஓடி அணு உடைவதாலேயே ஏறியிருக்கும், பிளேட்லெட்டும் மண்ணீரலின் நிலையைப் பொறுத்து ஏறியோ இறங்கியோ கிடக்கும். இந்தக் கணக்கை மட்டும் வைத்து "சிரோசிஸ்" என்று யாராவது எழுதினால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதையும் நெருக்கடி இல்லாத நாளில் எடுக்க வேண்டும். ஊசி குத்திச் சதை எடுக்கும் பயாப்ஸி இந்தக் குழந்தைகளுக்கு ரத்தக்கசிவு ஆபத்து உள்ளது. இன்று பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

ஆறாம் படி: சிகிச்சை

பழைய சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். ரிபாவிரின் சிவப்பணுவுக்குள் சேர்ந்து அதை உடைக்கும். ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் ரத்தத்துக்கு அதைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல. சிக்கிள் செல், தலசீமியா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கும். யாராவது சீட்டில் எழுதினால், நோயின் பெயரை நினைவுபடுத்துங்கள்.

இப்போது உள்ளவை வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள்: சோஃபோஸ்புவிர் – வெல்படாஸ்விர், சோஃபோஸ்புவிர் – டக்ளாடாஸ்விர், கிளெகாப்ரெவிர் – பிப்ரென்டாஸ்விர். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இவற்றை 3 வயதிலிருந்தே பரிந்துரைத்தது. இந்த வைரஸின் எல்லா வகைகளுக்கும் கேட்பதால் ஜீனோடைப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சோஃபோஸ்புவிர் – வெல்படாஸ்விர் என்றால் தினமும் ஒரு வேளை, 12 வாரம். அளவு எடையைப் பொறுத்தது: 30 கிலோவும் அதற்கு மேலும் என்றால் பெரியவர்களுக்கான முழு அளவு 400/100 மில்லிகிராம், 17 முதல் 30-க்குள் அதில் பாதி, அதற்கும் கீழே என்றால் இன்னும் குறைவு. நடுவில் எடை கூடும், எனவே தொடங்கும் அன்று எடை பார்த்துச் சீட்டில் எழுத வையுங்கள். பாதி அளவுக்காக நீங்களே மாத்திரையை உடைக்காதீர்கள். 3 வயதுக்குக் கீழே என்றால் காத்திருக்கலாம், அவசரம் இல்லை.

சிக்கிள் செல், தலசீமியா, ஹீமோஃபிலியா உள்ள பெரியவர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த எல்பாஸ்விர் – கிராசோப்ரெவிர் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் 93 சதவீதத்துக்கு மேல் குணமானார்கள். ஹீமோகுளோபினும் இறங்கவில்லை.

தொடங்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, எச்பிஎஸ்ஏஜி. உள்ளே ஹெபடைடிஸ் பி இருந்தால், சி போகும்போது பி விழித்துக்கொள்ளும். இரண்டு, வலிப்பு மாத்திரை. பக்கவாதம் வந்த குழந்தைகள் பலர் ஃபெனிட்டாயினோ கார்பமாசெபினோ சாப்பிடுவார்கள், அவை உடம்பில் இந்த மருந்தின் அளவைக் குறைத்துவிடும். மருந்தை மாற்ற முடியுமா என்று நரம்பு டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. டிபி-க்கான ரிஃபாம்பிசினும் அப்படித்தான். மூன்று, வயிற்று எரிச்சல் மருந்து. வலி மாத்திரையோடு சேர்த்து ஒமெப்ரசோலோ பேன்டோப்ரசோலோ எழுதுவது நம் ஊர் வழக்கம். வெல்படாஸ்விர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், இவை அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். ஜெலுசில் போன்ற திரவம் என்றால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஹைட்ராக்ஸியூரியாவை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. வலி நெருக்கடி நடுவில் தொடங்காமல், அடங்கிய பிறகு தொடங்குங்கள். ஒரு நாள் மறந்தால் அன்றே நினைவு வந்ததும் கொடுங்கள், மறுநாள் இரண்டாகக் கொடுக்காதீர்கள். நடுவில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தாலும் மாத்திரை தொடரட்டும்.

செலவு? 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. குழந்தை என்றதும் ஒவ்வொரு துறையாக அலைய விடலாம். குழந்தை மருத்துவர், ரத்தநோய் பார்ப்பவர், கல்லீரல் டாக்டர் மூவரும் எழுதியது ஒரே நோட்டில் இருந்தால் அலைச்சல் பாதியாகும்.

ஏழாம் படி: குணமான பிறகு

கடைசி மாத்திரை முடிந்த அன்று எடுக்கும் ஆர்என்ஏ முடிவை வைத்துக் கொண்டாட வேண்டாம். அன்றிலிருந்து 12 வாரம் கழித்து எடுப்பதில் வைரஸ் இல்லை என்றால்தான் குணம். ஆக, தொடங்கிய நாளிலிருந்து சுமார் ஆறு மாதம். பலர் மாத்திரை முடிந்ததும் மலையேறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தேதியை நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.

ஒரு முறை வந்து குணமானால் மறுபடி வராது என்பது அம்மைக்குச் சரி, இதற்கு இல்லை. ரத்தம் ஏற்றுவது தொடரும் வரை மறுபடி தொற்றும் வாய்ப்பும் உண்டு. இனி வருடாந்திரப் பரிசோதனையில் ஆன்டி எச்சிவி எடுத்துப் பயனில்லை. அது குணமான பிறகும் வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே காட்டலாம். ஆர்என்ஏ மட்டும்தான் பார்க்க வேண்டும்.

இதனால் ஒரு தொல்லை வரும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பன்னிரண்டு வயது, குணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில் ஆன்டி எச்சிவி எடுத்து, 'ரியாக்டிவ்' என்று சிவப்பு மையில் எழுதி, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தொற்று உள்ளவராகவே இருந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது, அது வேறு விஷயம். அந்த அம்மா மறுவாரம் வந்து, 12-வது வார ஆர்என்ஏ தாளை நகலெடுத்து, கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறை போட்டு, நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டிக்கொண்டார். அன்றிலிருந்து யாரிடம் காட்டினாலும் நோட்டைப் பின்பக்கத்திலிருந்துதான் திறக்கிறார்.